ஹிபா பாத்துட்டா

“பிரான்ஸ் புடிக்குமா உனக்கு?”

“பாத்தாத்தானே சொல்ல முடியும்? உங்களத்தான் பாத்திருக்கேன்.”

“சரி, என்னப் புடிச்சிருக்கா?”

“அத மாமிகிட்ட சொல்லிட்டேனே. உங்ககிட்ட வேற தனியா சொல்லணுமா?”

நிக்காஹ்வுக்கு முன்பு ஹாதியும் ஹிபாவும் போனில் பேசிய முதல் பேச்சு இது. அவன் சிரித்த சிரிப்பு இன்னும் அவள் காதில் இருக்கிறது.

கல்யாணமாகி இரண்டாவது வருடம் முடியப்போகிறது. ஹாதிக்குத் தாத்தா வழியில் வந்த பிரெஞ்சு நேஷனாலிட்டி. பாரீசுக்கு வெளியே ஒரு கிடங்கில் வேலை. ஹிபா இங்கே மாமியாரோடு இருந்துகொண்டு, லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேப்பில் வேலை பார்க்கிறாள். விசாவுக்கு வேண்டியதெல்லாம் தயார். கொண்டுபோய்க் கொடுக்க ஒரு அப்பாயின்ட்மென்ட்தான் கிடைக்கவில்லை. தினமும் காலையில் அந்த இணையதளத்தைத் திறப்பாள். காலண்டரில் எல்லாத் தேதியும் சாம்பல் நிறத்தில் கிடக்கும். மூடிவிட்டு ஸ்கூட்டரை எடுப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பகலில் ஹாதியிடமிருந்து வாட்ஸாப்பில் ஒரு ஜிப் ஃபைல் வந்தது. பின்னாலேயே அவன் குரல்.

“ஹிபா, இது பிரவுசர்ல போடுற எக்ஸ்டென்ஷன். தேதி தொறந்த அந்த நொடியே அதுவா புடிச்சிடுமாம். பக்ருதீன் குடுத்தான். அவன் வீட்ல கரீமாகூட போட்டுட்டாங்க. இன்னிக்கே போட்டுடு.”

வஞ்சிரம் பொரித்துக்கொண்டிருந்த மாமி கரண்டியோடு வந்து நின்றார். “அல்லாவே கண்ணத் தொறந்துட்டான். போடும்மா, போடு.”

“இருங்க மாமி. என்னன்னு பாத்துட்டு.”

ஹிபா அதைப் பிரவுசரில் போடவில்லை. ஜிப்பைப் பிரித்து, உள்ளே இருந்தவற்றை ஒவ்வொன்றாக நோட்பேடில் திறந்து படித்தாள். செய்தவர் பெயர் எங்குமே இல்லை. பிரவுசரின் ஸ்டோரில் தேடினாள். அங்கேயும் அப்படி ஒன்று கிடையாது. கூட வந்த குறிப்பு, ஸ்டோரில் இல்லாததையும் போட விடுகிற டெவலப்பர் மோடை ஆன் செய்யச் சொன்னது. எச்சரிக்கை வந்தால் கண்டுகொள்ள வேண்டாம் என்றது. இதைப் படித்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. கண்டுகொள்ளத்தானே எச்சரிக்கை?

அடுத்து, அது என்னென்ன அனுமதி கேட்கிறது என்று பார்த்தாள். அப்பாயின்ட்மென்ட் தளம் ஒன்று போதாதாம். திறக்கிற எல்லாத் தளத்திலும் இருப்பதைப் படிக்கவும் மாற்றவும் வேண்டுமாம். லாகினை நினைவில் வைத்திருக்கும் குக்கீகளும் வேண்டுமாம். மீதி நிரல் படிக்கவே முடியாதபடி குழப்பி எழுதப்பட்டிருந்தது. விசாவுக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு முகவரிக்கு எதையோ அனுப்புகிறது என்பது மட்டும் புரிந்தது.

“இது வேணாம் மாமி.”

“வேணாமா? வைரஸா?”

“அப்படின்னு அடிச்சுச் சொல்ல முடியல. ஆனா நம்புறதுக்கு ஒரு காரணமும் இல்ல. வாசக் கதவு சாவி போதும்னு இருக்கிறப்ப பீரோ சாவியும் குடுன்னு ஒருத்தன் கேட்டா குடுப்பீங்களா?”

“எவனோ ஒருத்தனா? பக்ருதீன் நம்ம ஊருப் புள்ள!” மாமியின் குரல் உயர்ந்தது. “கரீமா போட்டுட்டா. அவ கெளம்பிப் போயிடுவா பாரு, நீ இங்கயே ஒக்காந்து படிச்சிக்கிட்டு இரு. போற மனசிருந்தா வழி தெரியும்.”

கடைசி வாக்கியம் ஹிபாவைச் சுட்டது. கரீமாவுக்குப் போன் போட்டாள். கரீமா, ஹாதியைப் போலவே பிரான்சில் இருக்கும் பக்ருதீனின் மனைவி. அவளும் இதே ஊரில் இதே தேதிக்காகக் காத்திருப்பவள்.

“கரீமா, அந்த எக்ஸ்டென்ஷன யாரு சொல்லிப் போட்ட?”

“யாரு சொல்லியா? நல்லா கேட்ட போ! நீ சொல்லித்தான்டி.”

“நானா?”

“உன் மச்சான்தான் அங்க அவங்க வாட்ஸாப் குரூப்ல போட்டாரே. ‘எங்க வீட்ல ஹிபா கம்ப்யூட்டர் லேப்ல இருக்கா, ஹிபா பாத்துட்டா, பயப்படாம போடுங்க’ன்னு. வியாழக்கெழமயே போட்டாரு, எங்க வீட்ல எனக்கு அனுப்புனாரு. வேணும்னா அனுப்புறேன், கேளு.”

அனுப்பினாள். ஹாதியின் குரலேதான். உற்சாகமாக, சிரித்தபடி. அந்த ஃபைல் ஹிபா கைக்கு வந்ததே இன்றைக்குத்தான். ஊரில் ஒவ்வொருவரும் அடுத்தவரை நம்பிப் போட்டிருக்கிறார்கள். அந்த நம்பிக்கையெல்லாம் கடைசியில் வந்து நின்ற இடம், அதைப் பார்த்தே இராத ஹிபா.

முதலில் கரீமாவைக் கவனித்தாள். “நான் பாக்கலடி. இப்பத்தான் பாத்தேன், சரியில்ல. மொதல்ல அத எடுத்துடு. அந்தக் கம்ப்யூட்டர்ல எதையும் தொடாத, போன்ல இருந்து எல்லா பாஸ்வேர்டையும் மாத்து. அதப் போட்டப்புறம் பேங்க் கார்டு நம்பர் எங்கயாச்சும் அடிச்சியா?”

“அடிச்சேனே,” என்றாள் கரீமா மெலிந்த குரலில்.

“பேங்குக்குப் போன் பண்ணி கார்ட நிறுத்தச் சொல்லு. இப்பவே.”

பிறகு ஹாதியைக் கூப்பிட்டாள். கதவைச் சாத்தவில்லை. மாமி கேட்டால் கேட்கட்டும்.

“போட்டுட்டியா?” என்றான் ஆசையாக.

“ஹிபா பாத்துட்டான்னு சொன்னீங்களாமே. எந்த ஹிபா மச்சான்?”

“அது... யாரு சொன்னா?” என்றான்.

“சொல்லுங்க. எனக்குத் தெரியாம இன்னொரு ஹிபா வெச்சிருக்கீங்களா?”

“ஏய், அவசரத்துல சொல்லிட்டேன். எல்லாரும் போடலாமா வேணாமான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. என் பொண்டாட்டிக்கு இதெல்லாம் தெரியும்னு சொல்றதுல எனக்கு ஒரு பெரும. எப்படியும் நீ பாப்பதானேன்னு...”

“பாத்துட்டு வேணாம்னு சொன்னா? அத யோசிக்கவே இல்லல்ல? நான் படிச்சதும் பாக்குற வேலையும் உங்க பெருமைக்கு ஆவுது, என் பதிலு மட்டும் ஆவாதா? என்ன நம்பி கரீமா கார்டு நம்பர் அடிச்சிருக்கா. நாளைக்கு அவ மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?”

“தப்புதான்.”

“எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? குரூப்ல சொல்லுங்க. உங்க வாயால.”

“எல்லாரும் என்ன நெனப்பாங்க ஹிபா? மானம் போயிடும்.”

“என் பேரச் சொன்னப்ப எங்க போச்சு அது?”

பிறகு, அவளை லைனில் வைத்துக்கொண்டே, இன்னொரு போனில் அவன் பேசுவது கேட்டது. “ஹாதி பேசுறேன். அன்னிக்கு நான் சொன்னது பொய்யி. ஹிபா இன்னிக்குத்தான் பாத்தா. வேணாம்னு சொல்றா. போட்டவங்க ஒடனே எடுத்துடுங்க, பாஸ்வேர்ட மாத்துங்க. என்ன மன்னிச்சிடுங்க.” குரல் இரண்டு இடத்தில் இடறியது. ஹிபாவின் கோபம் போய்விடவில்லை. ஆனால் அந்த இடறல் அவளுக்கு வலித்தது.

“போட்டுட்டேன்,” என்றான். “போதுமா? இப்ப நீயே சொல்லு. தேதியும் கெடைக்காது, இதுவும் வேணாம்ன்ற. எனக்கு ரூமுக்கு வந்தா சுவத்தத்தான் பாக்கணும். நாம எப்பத்தான் ஒண்ணா இருக்குறது?”

ஏர்போர்ட்டில் அவனை வழியனுப்பிய அன்றே அவள் வாய்வரை வந்த ஒன்று இருந்தது. இந்த ஊரில் பிரெஞ்சு நேஷனாலிட்டி மாப்பிள்ளையிடம் எந்தப் பெண்ணும் அதைக் கேட்டதில்லை. கேட்டால் சிரிப்பார்கள். மாமியோ பேச்சையே நிறுத்திவிடுவார். ஒவ்வொரு போனிலும் அதை விழுங்கிவிட்டு, சாப்பிட்டீங்களா என்று கேட்டிருக்கிறாள்.

சமையலறையில் எண்ணெய்ச் சத்தம் நின்றிருந்தது. மாமி கதவருகே வந்து நிற்பது தெரிந்தது.

“மச்சான்,” என்றாள். “நீங்க வாங்க. லீவுக்கு இல்ல. எங்கூட இங்கயே இருக்குறதுக்கு வந்துடுங்க.”