ரேகை வைத்தவர்கள்

இருட்டு பிரியுமுன்பே மாரித்தாய் களிமண்ணை மிதித்துக் குழைத்துக்கொண்டிருந்தாள். தைப்பனி இறங்கிய மண் கணுக்காலைக் கவ்வியது, இடுப்பு விட்டுப்போயிற்று. முக்கூடல் பக்கத்துச் சூளையில் செங்கல் அறுத்தே தேய்ந்த உடம்பு. அவளுக்கென்று மிஞ்சியது அரசாங்கம் பட்டா கொடுத்த மனையும் அதிலிருக்கும் ஓட்டு வீடும்தான்.

வீட்டைப் பழுதுபார்க்கக் கடன் வாங்கித் தருவதாகச் சொல்லி, போன வாரம் முதலாளி பாபநாசம் சூளைக் கொட்டகையில் ஆளாளுக்குப் பெருவிரல் ரேகை வாங்கியிருந்தார். வாசித்துக் காட்டவில்லை. மாரித்தாய்க்கு அது உறுத்தவுமில்லை. மாடு பிடித்தாலும் பெண் கொடுத்தாலும் வெற்றிலை பாக்கு கைமாறாமல் இந்தப் பக்கத்தில் எந்தப் பேச்சு முடிந்திருக்கிறது? வெற்றிலை மாறாதவரைக்கும் ரேகை வெறும் மைதான் என்று நம்பிவிட்டாள், பாவி மகள்!

வெயில் ஏறியதும், கடன் விஷயமாக என்று சொல்லி எல்லோரையும் வேனில் அள்ளிப்போட்டுக்கொண்டு போய்ச் சார்பதிவாளர் அலுவலகத்தில் இறக்கினார்கள்.

"கேட்டா ஆமான்னு மட்டும் சொல்லுங்க. அங்கன வளவளன்னு பேசப்படாது," என்றார் பாபநாசம்.

முதலில் கூப்பிட்டது மந்திரமூர்த்தியை. சூளையில் தீ போடுகிறவன்.

"உங்க மனையை இவருக்குக் கிரயம் பண்ணி, இந்தப் பத்திரத்தை எழுதிக் கொடுத்தது நீங்கதானா? முழுச் சம்மதந்தானா?" சார்பதிவாளர் அம்மா கேட்டார்.

"ஆமாம்மா."

முதலாளி முன்னால் வேறெதுவும் சொல்லிப் பழகாத வாய் அது. பின்னால் நின்ற மாரித்தாய் பத்திரத்தை எட்டிப் பார்த்தாள். கிரயமா? அடப்பாவி, வீட்டையா எழுதி வாங்கினாய்!

அவள் முறை வந்தது.

"ரேகை எனக்குள்ளதுதாம்மா. வீட்டைக் குடுக்கேன்னு நான் சொல்லல்ல. கடன்னு சொல்லி வாங்குனாவ. வாசிச்சும் காட்டல்ல."

பாபநாசம் எகிறினார். "ஏட்டி, வச்ச ரேகை வச்சதுதான். சட்டம் தெரியுமா ஒனக்கு?"

"தெரியாது மொதலாளி. ஒங்களுக்குத் தெரியும்லா? பெறவு எதுக்குக் கடன்னு பொய் சொன்னிய?"

சார்பதிவாளர் பேனாவைக் கீழே வைத்தார். "ரேகை மட்டும் போதாதுங்க. என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சு, ஒத்துக்கிட்டு வச்சாத்தான் எழுதிக் கொடுத்ததா அர்த்தம். இவங்க மறுக்காங்க. என்னால பதிய முடியாது."

அடுத்து நின்ற பிரேமலதா, "நானும் எழுதிக் குடுக்கல்லம்மா," என்றாள். அவளுக்குப் பின்னால் நின்றவர்களும் அதையே சொன்னார்கள்.

மந்திரமூர்த்தி மேசைக்கு ஓடிவந்தான். "அம்மா, நானும் தெரியாமச் சொல்லிட்டேன்!"

"உங்களுது பதிவாயிட்டே. இனிமே கோர்ட்டுலதான் சொல்லணும்."

வாசலில் பாபநாசம் கத்தினார். "ஒருத்தரும் இனி சூளைப் பக்கம் வரப்படாது. ஏலே மந்திரமூர்த்தி, நாளைக்கே வீட்டைக் காலி பண்ணுலே!" வேன் அவர்களை விட்டுவிட்டுப் புறப்பட்டுப் போயிற்று.

மந்திரமூர்த்தி தரையில் உட்கார்ந்துவிட்டான். "என் வாயாலயே கெட்டேனே."

மாரித்தாய்க்கு அவன்மேல் ஆத்திரமாகவும் வந்தது, அழுகையாகவும் வந்தது.

"எந்திரிண்ணே. ரேகை வாங்கும்போது நாங்களும் அங்கனதான நின்னோம்? கோர்ட்டுல வந்து சொல்லுதோம். நாளையிலருந்து ஒன் வீட்டுலதான் எல்லாருக்கும் சோறு பொங்குதோம். காலி பண்ண வாறவன் நம்ம அத்தன பேரையும் தூக்கி வெளிய போடட்டும்."

வேலை போயிற்று. வக்கீல் எங்கே இருப்பார் என்றுகூட யாருக்கும் தெரியாது. மந்திரமூர்த்தியை நடுவில் விட்டு, எல்லோரும் ஊரைப் பார்த்து நடந்தார்கள்.