துமினியின் கை சும்மா இருக்காது

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மனைவி துமினி மேல் வந்த எரிச்சலில் பிறந்தது. எங்கள் ஊரான மோஜோசாரியில் வாத்துக்குஞ்சு பொரிக்கும் வீடு எங்களுடையது. அதாவது, அவள் பொரிக்கிறாள், நான் கதை எழுதுகிறேன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் வளர்த்த ஆமை கெம்புல், மூன்று முட்டை இட்ட கையோடு செத்துப்போனது. அதன் மிச்சம் என்று இருப்பது அந்த முட்டைகள்தான்.

'அந்தி மயங்கும் வேளையில் துமினி...' வேண்டாம். 'ஆமை என்பது காலத்தின்...' இது அதைவிட மோசம்.

2

வாத்து முட்டையைத் தினமும் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் கரு ஓட்டில் ஒட்டிச் செத்துவிடும். ஆமை முட்டையைத் திருப்பவே கூடாது. திருப்பினால் செத்துவிடும். தெர்மாகோல் பெட்டிக்குள் பல்பு மாட்டி, தென்னைநார்த் தூளில் முட்டைகளைப் பாதி புதைத்து, மேல்பக்கம் தெரிய பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்தேன். சாயங்காலம் பார்த்தால் குறிகள் அடியில் கிடந்தன.

"எதுக்குத் திருப்பின?"

"திருப்பாம, வச்சு வேடிக்கை பாக்கவா?"

"இது வாத்து இல்ல, துமினி!"

"நீங்க ஒரு முட்டையாவது பொரிச்சிருக்கீங்களா? பேப்பரக் கசக்கினதுதான் மிச்சம்."

(இந்த இடத்தில் எனக்கு நானே ஒரு சூடான பதில் எழுதிக்கொண்டேன். அடித்துவிட்டேன். நிஜத்தில் குறிகள் மேலே வரும்படி முட்டைகளைத் திரும்ப வைத்ததோடு சரி.)

3

கதையிலாவது சொன்ன பேச்சைக் கேட்கட்டும் என்று எழுதினேன்: 'துமினி மனம் மாறி, அமைதியாகக் கையைக் கட்டிக்கொண்டு...' அவள் என் தோளுக்கு மேல் எட்டிப் படித்தாள்.

"யாரு இவ? நான் இல்ல."

"அப்ப எதுக்குத் திருப்புறேன்னு நீயே சொல்லு, எழுதுறேன்."

அவள் பெட்டிப் பக்கம் திரும்பினாள்.

"கூமுட்டையத்தான் பாக்*, திருப்பாம ஒதுக்கி வைப்போம். கெம்புலோடத அப்படி வைக்க எனக்கு மனசு வரல."

எரிச்சலெல்லாம் எங்கோ போய்விட்டது. எவ்வளவு யோசித்தாலும் இந்த வரி எனக்கு வந்திருக்காது. அதில் வேறு கொஞ்சம் எரிச்சல்.

"பொரியப்போற கடைசி மூணு நாள் வாத்து முட்டையையும் தொட மாட்டியே?"

"தொடக் கூடாது. உள்ள குஞ்சு வெளிய வர வழி பாத்துக்கிட்டிருக்கும்."

"இதுக்கு எல்லா நாளும் அந்த மூணு நாள்தான்னு வச்சுக்கயேன்."

* எங்கள் ஊரில் மனைவி கணவனை இப்படித்தான் கூப்பிடுவாள். கோபம் என்றால் கூப்பிடவே மாட்டாள்.

4

மூன்றும் பொரிந்தன என்று முடித்தால் உங்களுக்குப் பிடிக்கும். முதலில் திருப்பியதிலேயே எல்லாம் போயிற்று என்றால் விமர்சகர்களுக்குப் பிடிக்கும். ஆமைக்குஞ்சு வர மாதக்கணக்காகும். அதுவரை எனக்கும் ஒன்றும் தெரியாது.

இப்போது அந்தி மயங்குகிறது (ஆமாம், அதேதான், நான் என்ன செய்ய?). துமினி வாத்து முட்டைகளை வரிசையாகத் திருப்பிக்கொண்டு வருகிறாள். தெர்மாகோல் பெட்டிக்கு வந்ததும் கை தானாக நீள்கிறது. எட்டிப் பார்க்கிறாள். மூன்று குறிகளும் மேலே இருக்கின்றன. இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொள்கிறாள்.

"எழுதிட்டீங்களா பாக்? பொரிஞ்சுதா?"

நான் பேனாவை மூடிவிட்டேன். பதில் ஏதாவது இருந்தால் நீங்களே அவளிடம் சொல்லுங்கள். மெதுவாக, பெட்டியை அசைக்காமல்.