தலைவர் வந்திருக்கிறார்

உச்சந்தலையிலிருந்து குதிகால்வரை கயிறு பிடித்து அப்பாவை அளந்துகொண்டிருந்தாள் ஜுல்மிரா. காலையில் காப்பி கேட்டவர், அது ஆறுவதற்குள் போய்விட்டார்.

"ரம்பத்த எடுக்கட்டுமா?" என்றான் அவள் கணவன் அமாந்தியு.

"எடுத்து? எந்த மரத்த அறுக்கப்போற?" என்றாள் அம்மா ஜசிந்தா.

வாஸ்தவம்தான். மழையில் பாலம் போய்விட்டதால் தலைநகர் டிலியிலிருந்து சவப்பெட்டி வர வழியில்லை. மலைக்காட்டிலோ, ஊர் வனக்குழுவின் ஐந்து பேரும் கூடி ஒப்பாமல் ஒரு மரத்தையும் தொடக்கூடாது. சரிவு மொட்டையாகி, மண் இறங்கி இரண்டு வீடுகளை மூடிய வருஷம் அப்பா கொண்டுவந்த விதி அது. ஒரு கிளையை ஒடித்ததற்குச் சொந்த மருமகனிடமே அபராதமாக ஆடு வாங்கியவர். குழுவின் தலைவரான அந்த ஐந்தாவது ஆளும் அவர்தான்.

மிச்ச நால்வரும் உடலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். செயலாளர் வெனான்சியு வருகை எழுத நோட்டைத் திறந்தார்.

"தலைவர் அபிலியு..." பேனா நின்றது. "என்னன்னு போட?"

"வந்திருக்கார்னு போடு. எந்திரிச்சா போகப்போறாரு?" என்றாள் அம்மா.

"ஒரு மரம் வெட்ட யாருக்காச்சும் ஆட்சேபணை?"

பழக்கதோஷத்தில் நால்வரும் அப்பாவின் முகத்தைப் பார்த்தார்கள். ஜுல்மிராவும் பார்த்தாள்.

"இருபது வருஷத்துல இன்னைக்குத்தான் வாயத் தொறக்கல," என்று வெனான்சியு மூக்கைச் சிந்தினார். "ஏகமனதா நிறைவேறுச்சு."

அமாந்தியு ரம்பத்தைத் தோளில் போட்டான்.

"இருங்க மாப்ள. ஒரு மரத்துக்குப் பத்துக் கன்னு. நட்டுட்டுத்தான் வெட்டணும். நாலாவது விதி," என்று தடுத்தார் வெனான்சியு.

"மாமா இப்படிக் கெடக்கையிலயா?"

"அவரு எழுதினதுதான."

துக்கத்துக்கு வந்தவர்கள் கறுப்பு உடுப்போடு தூறலில் சரிவேறினார்கள். பாதிரியார் அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு கன்றுக்குக் குழி வெட்டினார்.

"ஆழம் பத்தாது சாமி, ஒரு முழம் வேணும்," என்று அம்மா மேலே நின்று அதட்டினாள்.

இரண்டாம் தடவையும் வழுக்கி விழுந்த அமாந்தியு, சேற்றில் உட்கார்ந்தபடியே, "செத்தும் வேல வாங்குறாரே மனுசன்!" என்றான். யாரோ களுக்கென்று சிரிக்க, அது சரிவு முழுக்கத் தொற்றிக்கொண்டது. பாதிரியார் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சிரித்தார். ஜுல்மிராவும் வயிறு வலிக்கச் சிரித்தாள்.

பத்தாவது கன்றும் நட்டாயிற்று. எல்லோரும் மரம் பார்க்க மேலே போனார்கள்.

ஏழாவது கன்று சற்றே சாய்ந்திருந்தது. ஜுல்மிரா மட்டும் திரும்பி வந்து, குத்துக்காலிட்டு, அதை நிமிர்த்தினாள். மேலே ரம்பம் ஓடத் தொடங்கியது. அவள் எழுந்திருக்கவில்லை. வேரடி மண்ணை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே இருந்தாள்.