இரண்டு எடைமேடைக்கு ஒரே மணி

தங்கசாமிக்கும் அவர் மச்சினன் முப்பிடாதிக்கும் பேச்சு நின்று இரண்டு வருஷம். அம்மன் கோயில் கொடை விழாவில் பூசாரி முதல் மாலையை யார் கழுத்தில் போட்டார் என்பதுதான் வழக்கு. மாலை மறுநாளே குப்பைக்குப் போனது. வழக்கு மட்டும் வாடாமல் இருந்தது.

இலத்தூர் விலக்கில் இருந்த நெல் மண்டி இருவருக்கும் பொது. விட்டுவிட்டுப் போக இரண்டு பேருக்குமே மனசில்லை. கிழக்கு எடைமேடை தங்கசாமிக்கு, மேற்கு எடைமேடை முப்பிடாதிக்கு, நடுவில் ஆபீஸ் அறை. அதில் மாடத்தி உட்கார்ந்திருப்பாள். கிழக்கே புருஷன், மேற்கே கூடப்பிறந்த தம்பி.

"அக்கா, சாக்கு தீந்துபோச்சுன்னு அவுககிட்ட சொல்லு."

"ஏட்டி, எனக்கும் கண்ணு தெரியும்னு ஒந்தம்பிகிட்ட சொல்லு."

இப்படி அஞ்சல் செய்தே அவளுக்குத் தொண்டை கட்டிப்போனது. அதுகூடப் போகட்டும். ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் இல்லாமல் என்ன கல்யாணம் வேண்டிக்கிடக்கிறது? அவனை அழைக்க மாட்டேன் என்றார் தங்கசாமி. அவர் வாயால் கூப்பிடாமல் வாசல் மிதிக்க மாட்டேன் என்றான் முப்பிடாதி.

எண்பத்தெட்டாம் வருஷம் ஆனியில் மண்டிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கூடவே மெட்ராஸிலிருந்து ராமசேஷன் என்ற எஞ்சினியரும் வந்தார். மேடையில் லாரி ஏறினால் எடை ஒயர் வழியாக வந்து தானே சீட்டு அடித்துவிடுமாம். பெட்டியின் முதுகில் ஒயர் செருக இரண்டே போர்ட்டு இருந்தன. ஒன்று தங்கசாமியின் மேடைக்குப் போனது. கேட்டில் லாரி நம்பர் அடிக்கும் பெட்டிக்கு இன்னொன்று. முப்பிடாதியின் மேடைக்காக ராமசேஷன் தனியாக ஒரு கார்டைச் செருகி, 'மூன்று' என்று சீட்டு ஒட்டினார்.

"அக்கா, அவுகளுக்கு ஒண்ணு, எனக்கு மூணான்னு கேளு."

ராமசேஷன் சீட்டைக் கிழித்துவிட்டு, 'கிழக்கு', 'மேற்கு' என்று எழுதி ஒட்டினார். ஊர் நிலவரம் அவருக்கு அதற்குள் பிடிபட்டுவிட்டது.

சோதனைக்குக் கிழக்கே ஒரு லாரி ஏறியது. சீட்டு வந்தது. மேற்கே ஏறியது. அதற்கும் வந்தது. இரண்டும் சேர்ந்து ஏறியதும் திரை அப்படியே உறைந்து நின்றது. எந்தப் பொத்தானைத் தட்டினாலும் அசையவில்லை. ஆண்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் சாப்பிடப் போனார்கள். மாடத்தி அங்கேயே இருந்தாள்.

"ஒண்ணும் இல்லம்மா," என்றார் ராமசேஷன். "ஒவ்வொரு போர்ட்டும் கம்ப்யூட்டரைக் கூப்பிட ஒரு மணி அடிக்கும். மூணாவதுக்கும் ஒண்ணாவதுக்கும் ஒரே மணி. புஸ்தகத்துலயே அப்படித்தான். ரெண்டு பேரும் சேர்ந்து அடிச்சா அது குழம்பி நின்னுடும். இதோ, கார்டுல இருக்கற இந்தச் சின்ன ஜம்பர் முளையைப் பிடுங்கி பக்கத்துல மாட்டினா வேற மணி. அஞ்சு நிமிஷ வேலை."

"மாட்டலேன்னா?"

"இவர் ஏத்தறச்சே அவர் ஏத்தக்கூடாது. ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கணும்."

மாடத்தி வாசலை ஒருமுறை எட்டிப்பார்த்தாள். "அப்படியே இருக்கட்டும் சார்."

"ஏம்மா?"

"இருக்கட்டும்னு சொல்லுதேன்லா. நீங்க போயி ரெண்டு நாளு குத்தாலத்துல நல்லா குளிங்க. சாரல் அருமையா இருக்கு."

மறுநாள் அதிகாலையிலேயே அவள் பண்பொழிக்கு பஸ் ஏறிவிட்டாள். திருமலைக் குமாரசாமி முன்னால் நின்று, "அவுக ரெண்டு பேரு வாயையும் தொறக்க வையப்பா," என்று மட்டும் கேட்டாள். சாயந்தரம் வரை மலையை விட்டு இறங்கவில்லை.

திரும்பி வந்து மண்டிக்குள் கால் வைத்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். கிழக்கு மேடையில் ஒரு லாரி, மேற்கு மேடையில் ஒரு லாரி. சீட்டு இரண்டும் அடுத்தடுத்து கரகரவென்று வந்துகொண்டிருந்தன. ராமசேஷன் எண்ணெய் வழியும் தலையோடு பெட்டிக்கு மூடி போட்டு முறுக்கிக்கொண்டிருந்தார்.

"மாத்திட்டீகளா?" என்றாள். கண்ணில் நீர் முட்டியது. "பாவி மனுசா, என் குடியையே கெடுத்துட்டீரே!"

"நான் என்னம்மா பண்ணுவேன்? மத்தியானத்துக்குள்ள மூணு தரம் நின்னுடுத்தாம். லாரி ரோடு வரைக்கும் நின்னிருக்கு. ரெண்டு பேரும் ஸ்கூட்டர்ல வந்து, ஐந்தருவியில தலைல எண்ணெயோட நின்ன என்னைக் கையைப் பிடிச்சு இழுத்தா."

"ரெண்டு பேருமா? ஒரே ஸ்கூட்டர்லயா?"

"மச்சினருக்குத்தான் என் லாட்ஜ் தெரியும். ஆனா ஸ்கூட்டர் ஓட்ட உங்காத்துக்காரருக்குத்தான் தெரியுமாமே. திரும்பி வரச்சே நடுவுல நான். காது ரெண்டும் போச்சு. இந்தப் பக்கம் திரும்பும், அந்தப் பக்கம் திரும்பும், ஓட்டத் தெரியுமாவேன்னு ஒரே சண்டை."

மேற்கு மேடையிலிருந்து முப்பிடாதியின் குரல் வந்தது.

"அக்கா, பந்தக்கால் என்னைக்கு நடுதாகன்னு அவுககிட்ட கேளு."

அவள் வாயைத் திறப்பதற்குள் கிழக்கேயிருந்து தங்கசாமி கத்தினார்.

"ஆவணி மொத வெள்ளிக்கிழமவே! குத்தாலம் வரைக்கும் முதுகுக்குப் பின்னால உக்காந்து கத்தினீருல்லா, இத நேர கேட்டா என்னவாம்? விடியமுன்ன வந்து சேரும். நீரு வராம எவன் கால் நடுவான்?"

"சரி அத்தான்," என்று மேற்கேயிருந்து மெல்ல வந்தது.

மாடத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.