பேபி கார் சங்கம்

சவப்பெட்டியின் மூடி இன்னும் சுவரில்தான் சாய்ந்திருந்தது. போதகருக்காகக் காத்திருந்தார்கள். அதற்குள் வீட்டுக்குப் பின்னாலிருந்த ஷெட்டில் கார் பானட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது. ஞானத்துக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். முதலில் ஒரு கிறீச். பிறகு தகடு எதிலோ இடித்து நிற்கும் ஓசை. கணவர் செல்வதாஸின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தவள் சட்டென்று அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் அங்கேயேதான் படுத்திருந்தார்.

"யாரு ஷெட்டுல?" என்றாள்.

"கிருஷ்ணமணிதான், அண்ணனுக்க கூட்டாளி" என்றாள் நாத்தனார் முத்துக்கனி. "விடுங்க மைனி. ஆம்பிளைக்கு அழுவதுக்கு ஒரு எடம் வேணும்லா. ஒங்க காரியத்தைப் பாருங்க. எட்டாம் நாள் களிஞ்சா எங்கூட சிதறாலுக்கு வந்திருங்க. இந்த வீட்டுல ஒத்தைக்குக் கெடக்காண்டாம்."

பிள்ளைகள் இல்லாத வீடு. முத்துக்கனி இதைச் சொல்வாள் என்று செல்வதாஸ் முன்பே சொல்லியிருந்தார். அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்திருந்தார்.

பதில் அந்தக் கார்தான்.

மணவாளக்குறிச்சி மணல் கம்பெனியில் செல்வதாஸ் கணக்கெழுதிக்கொண்டிருந்த காலத்தில், அங்கிருந்த ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குக் கப்பலேறும்போது கைமாற்றிவிட்டுப் போன பேபி ஆஸ்டின் அது. ஊரில் எல்லாருக்கும் அது பேபி கார். நாலு பேர் உட்காரலாம்; ஆனால் நாலாமவர் ஏறினதும் மற்ற மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். உலகச் சண்டைக்கு முன்பே அந்தக் காரைச் செய்வதை நிறுத்திவிட்டார்கள். நாகர்கோயில் பக்கத்தில் அதே ஜாதிக் கார் வைத்திருந்த நாலு பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். செல்வதாஸ் தலைவர். வடசேரியில் மருந்துக்கடை வைத்திருந்த கிருஷ்ணமணி செயலாளர். வக்கீல் குமாஸ்தா பகவதியப்பனும், இராஜாக்கமங்கலத்தில் மீன் ஏலம் எடுத்துக்கொண்டிருந்த யோவானும் மற்ற இருவர். சங்கத்துக்கு ஒரே நோக்கம்: பேபி காரை மறுபடி செய்ய வேண்டும். வருஷந்தோறும் சீமைக் கம்பெனிக்கு மனு போகும். ஒரு தடவை பதிலுக்குப் புது மாடலின் படம் வந்தது. ஷெட்டின் முன்னால் பெஞ்சைப் போட்டு, பெண் கேட்டு வந்தவனின் படத்தைப் பார்ப்பதுபோல ஆளுக்கொரு குற்றம் சொன்னார்கள்.

"கண்ணு ரெண்டும் கன்னத்துல இருக்கு ஓய்" என்றார் பகவதியப்பன். "கண்டா சோப்புப் பெட்டி மாதிரி. நம்ம பிள்ளை எங்க, இது எங்க!"

"கேட்டுட்டே இருப்போம் மக்கா" என்றார் செல்வதாஸ். "ஒரு நாளு செய்யாம எங்க போயிருவான்?"

ஞானம் உள்ளேயிருந்து காப்பி கொண்டு வைப்பாள். அவளுக்கும் அந்தக் காரை ஓட்டத் தெரியும் என்பது அவர்களில் யாருக்கும் தெரியாது.

விடியற்காலையில் இருவரும் காற்று வாங்கப் போவதாகத்தான் ஊர் நினைத்தது. இராஜாக்கமங்கலம் போகிற வழியில் தென்னந்தோப்புகள் தொடங்கியதும் செல்வதாஸ் இறங்கி மறுபக்கமாக வந்து ஏறுவார். அவள் ஸ்டியரிங் பக்கம் நகருவாள். "காலை மெள்ள எடுட்டி. அது கிளச்சாக்கும், ஒனக்க மாமியாருக்க களுத்தில்ல" என்பார். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் நீர் வரும். தோப்பு முடிந்து கடல் தெரிந்ததும் வண்டியை நிறுத்திவிட்டு அலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்போதுதான் அவர் சொல்வார்: "எனக்குப் பெறவு இது ஒனக்கு. முத்து வந்து கூப்பிடுவா, போவாண்டாம். எங்க போணுமோ நீயே ஏறிப் போ. எவனுக்க வாசல்லயும் போய் நிக்கப்பிடாது, கேட்டியா?"

படுக்கையில் விழுந்து நெஞ்சு இளைத்தபோதும், போன வாரம், அதையே திரும்பவும் சொன்னார். சொல்லிவிட்டு அவள் கையை வாங்கித் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். மறுநாள் கிருஷ்ணமணி பார்க்க வந்தார். ஞானம் காப்பியோடு உள்ளே போனதும் இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். சாவைப் பற்றிப் பேசியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு அவள் டம்ளரை வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

யோவானின் மனைவி வேளாங்கண்ணி இராஜாக்கமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வந்திறங்கினாள். யோவான் இறந்து ஒரு மழைக்காலம் போயிருந்தது. பெட்டியின் அருகில் நின்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு ஞானத்தின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, ஷெட்டுப் பக்கம் பார்த்தபடி மெதுவாகக் கேட்டாள்: "வந்தாச்சா அக்கா, அவங்க?"

"யாரு?"

"சங்கத்துக்காரங்க. எங்க வீட்டுக்காரருக்கு மண்ணு போட்டுட்டு வந்த காலோட நேரா ஷெட்டுக்குத்தான் போனாங்க. வெளக்கு வைக்கதுக்குள்ள காரு எலும்பும் தோலுமா ஆயிட்டு. சட்டமாம். செத்தவனுக்க காரு, இருக்கவங்களுக்கு."

ஞானம் அவள் முகத்தைப் பார்த்தாள். "நீ சந்தோசமா குடுத்தேன்னுல்லா இவரு சொன்னாரு?"

"எங்கிட்ட யாரு கேட்டா? நான் உள்ள பாயில கெடந்தேன். ஒங்க வீட்டு அண்ணன்தான் முன்ன நின்னாரு. மொதல்ல டைனமோவை எடுங்கலேன்னு அவருக்க சத்தம் எனக்குக் கேட்டுது." வேளாங்கண்ணி கையை விடவில்லை. "ஒங்களுக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன்."

யோவானை அடக்கம் செய்த வாரத்தில் தங்கள் பேபி காரின் விளக்குகள் பளிச்சென்று எரிந்தது ஞானத்துக்கு நினைவிருந்தது. அன்று அவள்தான் ஓட்டினாள். தென்னை மரங்கள் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குள் வந்து நின்றன. "இப்பம்தான் எனக்கு ரோடு தெரியுது" என்று அவள் சொன்னதற்கு, அவர் பெருமையாகச் சிரித்தார்.

போதகர் வந்தார். ஜெபம் முடிந்ததும் மூடியை அறைந்தார்கள்.

சங்கத்தின் மற்ற இரண்டு பேபி கார்களும் விளக்கெரிய முன்னால் போயின. பெட்டி வண்டியின் வேகத்துக்கு முதல் கியரிலேயே உருண்டு, கல்லறைத் தோட்டம் சேரும்போது இரண்டும் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. மண் போடும்போது கிருஷ்ணமணி வாய்விட்டு அழுதார். அது பொய்யழுகை இல்லை. ஒரு கைப்பிடி மண்ணைப் போட்டவர், அடுத்த பிடியைப் போட முடியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். ஞானம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. காலையில் பானட் திறந்த சத்தத்தோடு அது எங்கோ நின்றுபோயிருந்தது.

வீட்டுக்குத் திரும்பியதும் பெண்கள் கிணற்றடிக்குப் போனார்கள். முத்துக்கனி அடுப்பில் கஞ்சி வைத்தாள். பின்பக்கம் இரும்பில் இரும்பு தட்டும் ஒலி கேட்டது. ஞானம் ஈரப் புடவையை மாற்றிக்கொண்டு ஷெட்டுக்கு நடந்தாள். வேளாங்கண்ணியும் பின்னால் வந்தாள்.

பின் சக்கரத்துக்கு ஜாக்கி கொடுத்திருந்தார்கள். பகவதியப்பன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சாக்கை விரித்து ஸ்பேனர்களை அளவுவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மைனி இங்க எதுக்கு வந்திய?" கிருஷ்ணமணி பதறி எழுந்தார். "போய்ப் படுங்க. ஒங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லாம நாங்க முடிச்சுக்கிடுவோம்."

"என்னத்தை முடிக்கப் போறிய?"

"சங்கத்துல பேசி வச்சதுதான். ஒரு சாமான் கெடைக்க மாட்டேங்கு மைனி. கம்பெனிக்காரன் மறுபடி செய்யுதது வரைக்கும் ரெண்டு வண்டியாவது ஓடணும்லா? ஆதியில இந்தச் சட்டம் கொண்டாந்ததே அண்ணாச்சிதான். போன வாரம்கூட எனக்க கையைப் பிடிச்சுட்டு, கார்புரேட்டரு ஒனக்கு, கியர்ப்பெட்டி பகவதிக்கு, மண்ணு போட்ட அன்னைக்கே எடுத்திருங்கடே, நாளு போனா முத்து இரும்புக்கடைக்காரனைக் கூப்பிட்டிருவான்னு சொன்னாரு."

போன வாரம். ஞானம் தன் உள்ளங்கையைப் புடவையில் துடைத்தாள்.

"எனக்க காரியம் ஒண்ணும் சொல்லலியா?"

கிருஷ்ணமணி தயங்கினார். "கேட்டேன் மைனி. சத்தியமாட்டு கேட்டேன். மைனிக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாண்டாமா அண்ணாச்சின்னேன். அவளுக்கு இந்தச் சனியனைக் கண்டாலே ஆகாது, ஷெட்டு ஒளிஞ்சா வெறகு அடுக்கலாம்னு சந்தோசப்படுவான்னு சொல்லிட்டாரு."

"எப்பவும் சொல்லுவாருல்லா" என்று பகவதியப்பன் சாக்கிலிருந்து தலையைத் தூக்கினார். "அவளுக்கு ஹாரன் எது, வீலு எதுன்னு தெரியாது, அம்மியில உக்காரச் சொன்னாலும் காருன்னு உக்காந்திருவான்னு..." ஞானத்தின் முகத்தைப் பார்த்ததும் பேச்சு அப்படியே நின்றது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெஞ்சில் சங்கம் கூடும்போது அந்தச் சிரிப்பு அவளுக்கும் கேட்டிருக்கிறது. என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று கேட்டதில்லை. அடுக்களையில் நின்று அவளும் தனக்குள் சிரித்துக்கொள்வாள். இந்த ஊருக்குத் தெரியாத ஒன்று தங்கள் இருவருக்கும் மட்டும் இருக்கிறது என்று.

"ஜாக்கியை எறக்குங்க" என்றாள்.

"மைனி?"

"வேளாங்கண்ணிக்கு வீட்டுக்குப் போணும். கடைசி பஸ்ஸு போயிருக்கும்."

"அதுக்கென்ன, எனக்க வண்டியில நான் கொண்டு விடுதேன்."

"ஒங்க வண்டி வேண்டாம். எறக்குங்க."

பகவதியப்பன் கிருஷ்ணமணியைப் பார்த்தார். பிறகு குனிந்து ஜாக்கியை இறக்கினார்.

ஞானம் ஷெட்டின் மூலைக்குப் போனாள். பெட்ரோல் தகரத்துக்குப் பின்னால், சாக்கில் சுற்றி ஒரு குட்டித் தலையணை இருந்தது. அது இல்லாமல் உட்கார்ந்தால் அவளுக்கு ஸ்டியரிங்குக்கு மேலே ரோடு தெரியாது. ஓட்டி வந்த ஒவ்வொரு நாளும், வீட்டுக்கு வந்ததும் அவர் முதல் வேலையாக அதைச் சுற்றி இங்கே கொண்டு வைப்பார். எலி கடிச்சிரும் என்பார். அவளும் சரியென்றே இருந்தாள். அந்த ஷெட்டில் அவள் ஒருநாளும் எலியைப் பார்த்ததில்லை.

சாக்கை உதறிப் போட்டுவிட்டு, தலையணையை டிரைவர் சீட்டில் வைத்து ஏறி உட்கார்ந்தாள். வேளாங்கண்ணி மறுபக்கக் கதவைத் திறந்து, கேட்காமலே ஏறிக்கொண்டாள். ஞானம் சோக்கைப் பாதி இழுத்து ஸ்டார்ட்டரை அழுத்தினாள். முதல் தடவை இருமிவிட்டு நின்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி அழுத்தினாள். எஞ்சின் பிடித்துக்கொண்டது.

கிருஷ்ணமணி டிரைவர் பக்கத்துக் கதவருகில் வந்தார். அவர் முகத்தில் இருந்தது கோபம் இல்லை.

"யாரு படிப்பிச்சது?"

"ஒங்க அண்ணாச்சிதான்."

"எப்பம்?"

"நீங்க ரெண்டாவது மனு எழுதின வருசம்."

கிருஷ்ணமணி எதையோ கணக்குப் பார்ப்பதுபோல நின்றார். "அன்னையிலேந்து எத்தனை ஞாயிற்றுக்கிழமை" என்றார் தனக்குள். பிறகு பகவதியப்பனைத் திரும்பிப் பார்த்தார். "எங்கிட்ட சொல்லலியே ஓய். நான் எனக்க வீட்டுக் காரியம் அம்புட்டும் இந்தப் பெஞ்சுல வச்சுச் சொன்னேன்."

பகவதியப்பன் ஆணியிலிருந்து சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

அடுக்களை வாசலில் முத்துக்கனி அகப்பையோடு வந்து நின்றாள். "மைனி! என்ன கோட்டி பிடிச்சிட்டா? மண்ணு இன்னும் காயல்ல! ஊரு என்ன சொல்லும்?"

ஞானம் ரிவர்ஸ் கியரைப் போட்டாள். கண்ணாடியில் கிருஷ்ணமணி தெரிந்தார். வண்டி போகவேண்டிய வழியில், ஷெட்டு வாசலில் நடுவாக வந்து நின்றிருந்தார். அவள் எஞ்சினை அணைக்கவும் இல்லை, ஹாரனைத் தொடவும் இல்லை.

"திரும்பக் கொண்டு வருவியளா மைனி?" என்று அங்கிருந்தே கேட்டார்.

எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அவர் சற்று நேரம் அதையே கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு ஒதுங்கினார். ஒதுங்கியவருக்கு அங்கிருந்து போகவும் முடியவில்லை. கை தானாக உயர்ந்தது.

"வலத்த தூணு நிக்கு, பாத்து... ஸ்டியரிங்கை ஒடி... இன்னும் கொஞ்சம் ஒடி... ஆங், நேரே பிடி. வரட்டும்... வரட்டும்..."

தூணில் உரசாமல் கார் வெளியே வந்தது. முற்றத்தில் போட்டிருந்த பந்தலின் கீழே உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். நடை வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கியபோது வேளாங்கண்ணி முன்தகட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "பயமா இருக்கா?" என்று ஞானம் கேட்டாள். "இல்லக்கா" என்றாள் அவள், கையை எடுக்காமல்.

தெருமுனையில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். முன்னும் பின்னும் ஒரு மாட்டுவண்டிகூட இல்லை. வீடுகளின் வாசலில் ஆட்கள் வந்து நின்றிருந்தார்கள். ஞானம் வேகத்தைக் குறைத்து, கண்ணாடியை இறக்கி, வலக்கையை முழுசாக வெளியே நீட்டினாள். காலையில் முத்துக்கனி சோப்புப் போட்டு வளையல்களைக் கழற்றிய இடம் மணிக்கட்டில் இன்னும் சிவந்து கிடந்தது. வண்டி முழுக்கத் திரும்பி முடியும்வரை அவள் கையை உள்ளே எடுக்கவில்லை.