மிதமான ஊர்கள்

மார்ச் முதல் தேதி, நகரப் பேருந்துப் பணிமனையின் கால அட்டவணைப் பிரிவில் மூத்த அலுவலராக இருந்த பெண் விருப்ப ஓய்வு பெற்றாள். அதே நாள் மதியம், பணிமனைக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த ஆஸ்பத்திரியின் மொட்டை மாடியில், அவளுடைய கணவர் இந்தக் கோடைக்கும் தானே வேலைக்கு வருவதாக ஒப்புக்கொண்டார்.

ஒப்புக்கொண்டார் என்று சொல்வதுகூடக் கொஞ்சம் மிகைதான். அவர் ஏசி மெக்கானிக். வெயிலில் கொதித்துக்கொண்டிருந்த யூனிட்டின் மூடியைக் கழற்றி, உள்ளே அப்பியிருந்த தூசியையும் புறா இறகுகளையும் பிரஷ்ஷால் தட்டிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியின் பராமரிப்பு அதிகாரி தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு, தண்ணீர்த் தொட்டியின் ஒல்லி நிழலுக்குள் தன் தொந்தியை அடக்கப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏப்ரல்லேர்ந்து ஆபரேஷன் தியேட்டர் ஏசி லைன் மொத்தமும் பாக்கணும்ணே. இந்த வருஷமும் நீங்கதானே?"

"பாத்துக்கறேன்" என்றார் மெக்கானிக்.

வாய் தானாகச் சொன்னது. யார் எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது அந்த வார்த்தைதான். கிழவி ஒருத்தி வேர்த்து விறுவிறுத்து வாசலில் நின்று கேட்டாலும், ஜவுளிக்கடைக்காரர் போனில் சத்தம் போட்டாலும் அதே வார்த்தை, அதே குரல். சொல்லிவிட்டால் போய்விடுவார். பகல் சாப்பாட்டை விட்டாவது போய்விடுவார். ஊரில் அவருக்கு இருந்த நல்ல பெயரெல்லாம் இதனால் வந்ததுதான். படியிறங்கிப் பாதி வழி வந்த பிறகுதான், ஏப்ரலில் தான் இந்த ஊரிலேயே இருக்கப்போவதில்லை என்பது அவருக்கு நினைவு வந்தது. திரும்பி ஏறலாம் என்று நினைத்தார். முழங்கால் வேண்டாம் என்றது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். முழங்கால் அப்படிச் சொன்னதில் தனக்கு ஒரு நிம்மதி இருந்ததையும் கவனித்தார். பிறகு இறங்கிப் போனார்.

அவள் அன்று மாலை பை நிறையக் கலர் பென்சில்களோடு வீட்டுக்கு வந்தாள். பணிமனையில் எல்லாருக்கும் அவள் 'டைம்டேபிள் அக்கா'. கம்ப்யூட்டர் வந்த பிறகும் முதலில் நீளத் தாளில் பென்சிலால் கோடு போட்டுப் பார்த்தால்தான் அவளுக்குத் திருப்தி. ஒரு வண்டிக்கு ஒரு கோடு. கோடு மேலே ஏறினால் வண்டி ஊருக்குள் போகிறது, கீழே இறங்கினால் திரும்பி வருகிறது. ஆயிரக்கணக்கான பேரை வேலைக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் நேரத்துக்கு அனுப்பிவைத்த அவள், வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அந்த ஊரை விட்டு அதிகம் போனதில்லை. காரணம் கோடை. ஊர் உலகம் விடுமுறை எடுத்துக்கொண்டு கிளம்பும்போதுதான் மெக்கானிக்குக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அவர் ஓயும் மழைக்காலத்தில் அவளுக்கு விடுப்பு கிடைக்காது. இப்படியே மகளை வளர்த்து, கட்டிக்கொடுத்து அனுப்பியாயிற்று.

உலகத்தைச் சுற்றுவது என்பது நெடுநாளாக அவர்களுக்கு ஒரு பேச்சு. சாப்பிட்டு முடித்துத் தட்டு காயும்வரை பேசுகிற பேச்சு. சென்ற மே மாதம் அது மாறியது. ஒரு வங்கிக் கட்டடத்தின் மாடியில் மெக்கானிக் ஸ்பானரோடு மயங்கி விழுந்தார். நல்லவேளை, உள்பக்கமாக விழுந்தார். டாக்டர் வெயிலில் ஏறக் கூடாது என்றார், அவர் "பாத்துக்கறேன்" என்றார், அடுத்த வாரமே ஏறினார். அன்றிலிருந்து அவள் நீளத் தாளை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார ஆரம்பித்தாள். அவள் வைத்த விதி ஒன்றுதான். போகிற ஊரில், போகிற மாதத்தில், மின்விசிறிகூடத் தேவைப்படக் கூடாது. ஏப்ரலில் ஒரு மலையூர், பனி உருகி முடிந்த கையோடு. கோடை முழுக்க வடக்கே ஒரு மீன்பிடித் துறைமுகம், அங்கே கோடை என்பதே பெயருக்குத்தான். இலை உதிர்கிற மாதங்களுக்குத் திராட்சைத் தோட்டங்கள் இருக்கும் ஒரு சிற்றூர். குளிர் இறுகுவதற்குள் பூமியின் அடிப்பாதிக்குப் போய்விட்டால் அங்கே மறுபடி வசந்தம். ஒவ்வோர் ஊரிலும் மாதக்கணக்கில் தங்கல், சொந்தச் சமையல், அவசரம் கிடையாது. இப்படி இரண்டு வருஷம். தாளில் அவருடைய நீலக் கோடும் அவளுடைய சிவப்புக் கோடும் ஒட்டி ஒட்டியே போயின.

"ரொம்ப நெருக்கமா போட்டிருக்கியே, இடிச்சுக்காதா?" என்று அவள் ஓய்வு பெற்ற அன்று ராத்திரி கேட்டார் அவர்.

"இத்தனை வருஷம் இடிக்காததா இனிமே இடிக்கப்போகுது."

"எல்லா டிரைவருக்கும் ஒரு ரிசர்வ் ஆள் வைப்பே. இதுல எனக்கு ரிசர்வ் எங்க?"

"நீங்க லீவு போட மாட்டீங்கன்னு ஒரு நம்பிக்கைதான்" என்று சொல்லிவிட்டு அவள் பென்சிலைச் சீவினாள்.

ஆஸ்பத்திரியில் வாக்குக் கொடுத்ததை அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்தார். களைத்த முகம். கண்ணுக்குக் கீழே கறுப்பு, வகிட்டில் நரை. ஆனால் துறைமுகத்து ஊரில் படகு விடும் நேரங்களைப் பார்க்கும்போது மட்டும் அதில் ஏதோ ஓர் இளக்கம். "தண்ணி குடு" என்றார்.

ஏசி ரிப்பேர் கடையில் அவருடைய பார்ட்னரிடம் விஷயத்தைச் சொன்னார். பார்ட்னர் மனைவியை இழந்தவர், வாய் ஓயாதவர். காஸ் சிலிண்டர்களுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து செம்புக் குழாயை வளைத்துக்கொண்டிருந்தார்.

"இதுக்காடா மச்சான் மூணு நாளா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தே? ஆஸ்பத்திரிக்கு நான் போறேன். அந்த ஆபீசர் கைல நான் சொல்லிக்கறேன். முடிஞ்சுதா?"

"உனக்கு அந்த லைன் தெரியாது."

"தெரியாதா? போன வருஷம் நீ மயங்கிக் கிடந்தப்ப யார் பாத்தா? உங்க மாமனாரா?"

பார்ட்னர் குழாயைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"உனக்குப் போக இஷ்டமில்லே."

"யார் சொன்னா."

"இஷ்டமில்லேன்னா தங்கச்சிகிட்ட சொல்லித் தொலை. அது பாட்டுக்கு ஸ்வெட்டர் வாங்கிட்டிருக்கு."

இஷ்டமில்லை என்பதும் சரியில்லை. பார்ட்னர் எழுந்து போன பிறகு மெக்கானிக் அதையே நினைத்துக்கொண்டிருந்தார். ஒருமுறை, மகள் சிறுமியாக இருந்தபோது, நாலைந்து நாள் ஒரு குளிரூருக்குப் போயிருந்தார்கள். முதல் நாள் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் கை எதையோ தேடியது. எங்கேயும் ஒரு மோட்டார் ஓடும் சத்தம் இல்லை, ஒருவரும் போன் செய்யவில்லை, யாருக்கும் வேர்க்கவில்லை. மரங்களைப் பார்த்தார். மறுபடியும் மரங்களைப் பார்த்தார். மனைவியும் மகளும் ஏரிக்கரையில் சிரித்துக்கொண்டு நடந்தபோது, அவர்களுக்குப் பின்னால் தான் யாரோ ஒரு மூன்றாம் மனிதரைப் போல நடப்பதாகப் பட்டது. கடைசி நாள் விடுதியில் வெந்நீர் வராமல்போய், அவர் ஹீட்டரைக் கழற்றி உட்கார்ந்த அந்த ஒரு மணி நேரம்தான் அந்தப் பயணத்தில் அவர் முழுசாக இருந்தார். அவள் அதைச் சொல்லிச் சொல்லி வருஷக்கணக்கில் சிரித்திருக்கிறாள். அவரும் சேர்ந்து சிரித்திருக்கிறார். இப்போது இரண்டு வருஷம். உலகத்திலேயே அவர் தேவைப்படாத ஊர்களாகப் பார்த்துப் பார்த்து, அவர்மேல் உள்ள அக்கறையால், அவள் பொறுக்கி வைத்திருக்கிறாள். இதை எப்படிச் சொல்வது? உடம்பு அலுத்துவிட்டது என்று சொல்லலாம். அலுத்த உடம்புக்குத்தானே இந்த ஏற்பாடு என்பாள்.

மார்ச் மூன்றாவது வாரம் தடுப்பூசி போட்டுக்கொள்ள இருவரும் அதே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வேறு இடத்துக்குப் போகலாம் என்று அவர் ஏதோ முணுமுணுத்துப் பார்த்தார், அவள் கேட்கவில்லை. ஊசி போட்ட கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு நடைவழி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, பராமரிப்பு அதிகாரி எதிரில் வந்தார். மனிதர் நல்லவர். கும்பிட்டார், நலம் விசாரித்தார்.

"என்னம்மா, ரெண்டு பேருக்கும் ஊசி? ஊருக்கா?" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் மெக்கானிக்கின் தோளைத் தட்டினார். "எப்ப வேணா போங்க, ஏப்ரல் பொறக்கறதுக்குள்ள அண்ணனைத் திருப்பி அனுப்பிடுங்க. இந்த வருஷமும் பாத்துக்கறேன்னு வாக்கு குடுத்திருக்காரு. இவரு இல்லேன்னா தியேட்டர்ல டாக்டருங்க என்னைத்தான் அறுப்பாங்க."

அவள் சிரித்தாள். அதிகாரி போகும்வரை அந்தச் சிரிப்பு முகத்தில் இருந்தது. பிறகு பஞ்சை எடுத்துப் பார்த்தாள். ரத்தம் நின்றிருந்தது. எழுந்து போய்க் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.

திரும்பும்போது பேருந்தில் கூட்டம் இல்லை. எப்போதும் பஸ் ஏறினால் அவள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பாள், டிரைவர் நேரத்துக்கு வந்தானா என்று. அன்று பார்க்கவில்லை. சிக்னலில் வண்டி நின்றபோது கேட்டாள்.

"என்னிக்குச் சொன்னீங்க?"

"நீ ரிட்டையர் ஆன அன்னிக்கு."

"காலைலயா, சாயங்காலமா?"

"மத்தியானம்."

"அப்ப நான் கேக் வெட்டிட்டு இருந்திருப்பேன்."

வண்டி நகர்ந்தது. அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் இருந்த கறுப்பு எந்த சோப்புக்கும் போகாதது.

"போன வருஷமே நான் உங்ககிட்ட கேட்டேன், வேலைய விட்டுடட்டுமா, போலாமான்னு. நீங்க பாத்துக்கறேன்னீங்க. கஸ்டமர்கிட்ட அதைச் சொன்னா நீங்க போகாம இருந்ததில்லே. அதனாலதான் ரிட்டையர்மெண்ட்டுக்கு எழுதிக் குடுத்தேன்."

"பார்ட்னர் போறேன்னுதான் சொல்றான்" என்றார் அவர்.

"அப்புறம்?"

மனசில் இருந்ததை வரிசையாக அடுக்க அவருக்குத் தெரியவில்லை. கடைசியில், "ஏசியே இல்லாத ஊர்ல நான் என்ன பண்ணப்போறேன் சொல்லு" என்றார். ஒரு வேடிக்கை போலத்தான் சொல்ல நினைத்தார். அப்படி வரவில்லை.

அவள் கோபப்பட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். "ஒண்ணும் பண்ண வேணாம்னுதானே கூட்டிட்டுப் போறேன்னேன்" என்றாள் மெதுவாக. கொஞ்சம் கழித்து, "எனக்கும் அசதியா இருக்குங்க. உங்களை இழுத்துட்டுப் போற அளவுக்குத் தெம்பு இல்லே" என்றாள்.

இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. அவர் முதலில் இறங்கிக் கை நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டுதான் இறங்கினாள்.

ஏப்ரல் ஆறாம் தேதி, விமானம் பிடிக்க, காலை ரயிலில் அவள் மட்டும் கிளம்பினாள். பார்ட்னர் பெட்டியைத் தூக்கிவைத்து, "தங்கச்சி, இவனை சீசன் முடிஞ்சதும் பார்சல் பண்ணி அனுப்பிடறேன்" என்றார். அவள் மாத்திரைகள் இருக்கும் இடத்தையும் வாஷிங் மெஷினில் எந்தப் பொத்தானை அமுக்கக் கூடாது என்பதையும் கணவரிடம் இன்னொரு தடவை சொன்னாள். மெக்கானிக் ஸ்டேஷனிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அந்தக் கோடை கடுமையாக இருந்தது. நிழலுக்கு ஒரு துண்டுத் தகரத்தைக் கட்டிக்கொண்டு, ஈரத்துணியைத் தலையில் சுற்றிக்கொண்டு வேலை பார்த்தார். மயக்கம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பேசினாள். மலையூரில் வாடகை அறை கிடைத்ததை, ரொட்டிக் கடைக்காரி சைகையிலேயே சண்டை போடுவதை, பிறகு துறைமுகத்துக்குப் போனதை, அங்கே சூரியன் மறையவே மனசில்லாமல் கிடப்பதைச் சொன்னாள். அவருடைய குரல் கரகரப்பதைக் கேட்டால் "மேல ஏறினீங்களா" என்பாள். எப்போது வருகிறீர்கள் என்று கேட்கவில்லை. ஜூலைக் கடைசியில் மட்டும் ஒரு தடவை, "உங்க விசா ஆகஸ்ட் பத்து வரைக்கும்தான். அதுக்குள்ள உள்ள வந்துட்டா போதும்" என்றாள்.

"சரி" என்றார்.

ஜூலையிலேயே மழை பிடித்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வேலை முடிந்தது. கடைக்கு அழைப்புகள் குறைந்து, பிறகு நின்றுபோயின. பார்ட்னர் இரண்டு தடவை டிக்கெட் பற்றிக் கேட்டார், மூன்றாவது தடவை கேட்கவில்லை. ஆகஸ்ட் பத்தாம் தேதி மெக்கானிக் கடையைத் திறந்தார். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். யாரும் வரவில்லை. ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய், ஜன்னலைத் திறந்துவைத்து, சாயங்காலம்வரை தூங்கினார்.

அடுத்த நாள் அவள் துறைமுகத்தை விட்டுக் கிளம்பினாள். பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகு ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே மங்கலாகக் கடல், பக்கத்து இருக்கையில் தொப்பி போட்ட யாரோ ஒரு கிழவர் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். மெக்கானிக் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். இருக்கைக்கு மேலே ஏசி காற்று வரும் இரண்டு துளைகளும் மூடியிருந்தன.