நான்காம் எண் ஜன்னலில் என் குரல்

எங்கள் ஊரில் பதினேழு வயது முடிந்ததும் நகராட்சி அலுவலகத்தின் நான்காம் எண் ஜன்னலுக்குப் போய்த் தன்னைத்தானே ஏற்றுக்கொள்ள வேண்டும். பெரிய வேலை இல்லை. பெயரைச் சொல்லி, "இது நான்தான், ஏற்றுக்கொள்கிறேன்" என்று சொந்தக் குரலில் சொன்னால் முத்திரை குத்திவிடுவார்கள். சொல்ல முடியாதவர்களை அதன் பிறகு வீட்டில் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை.

என் முறை ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. அம்மாவும் அப்பாவும் கூட வந்தார்கள். எனக்குப் பயமே இல்லை. குரல் விஷயத்தில் ஊரில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தலைமையாசிரியர் குரலில் மைக்கில் பேசிப் பள்ளிக்கு இரண்டு நாள் லீவு விட்டவன் நான். அப்பா குரலில் அம்மாவிடம் போனில் மன்னிப்புக் கேட்டு, ஒரு வாரம் தினமும் வீட்டில் வடை சுட வைத்தவனும் நான்தான்.

ஜன்னலுக்குள் பிலோமினா அக்கா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். குரலைச் சரிபார்ப்பவர்கள் கண்ணைத் திறக்கக் கூடாது.

"பேரு?"

"தவசீலன். இது நான்தான், ஏற்றுக்கொள்கிறேன்."

"இது மினிபஸ் கண்டக்டரோட குரல். உன்னோடதைச் சொல்லுப்பா."

அடையாளம் தெரிந்த குரலை உரியவரிடம் கொடுத்துவிடுவது விதி. கண்டக்டர் வந்து தன்னுடையதைத் துண்டில் முடிந்துகொண்டார். "இத வச்சுத்தான் என் வண்டியில ஓசியில போனியாடா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மறுபடி சொன்னேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு விறைப்பாக நின்றார்கள். தலைமையாசிரியர் ஆள் அனுப்பி அதை வாங்கிக்கொண்டார்.

இப்படியே பதினான்கு குரல்கள் போயின. எனக்கு அழுகை வந்தது. அழுகையாவது என்னுடையதாக இருக்கும் என்று நன்றாகவே அழுதேன். பிலோமினா அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இது உங்கம்மாவோடது."

"ஆமாங்க, என்னோடதுதான்" என்றாள் அம்மா. "சமையல்கட்டுல வச்ச ஞாபகம். காணோமேன்னு விட்டுட்டேன்."

பேசாமல் நின்றேன்.

"இது அப்பாவோட மௌனம்."

அப்பா ஒன்றும் சொல்லாமல் அதை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

என்னிடம் மிச்சம் ஒன்றுதான் இருந்தது. ஒவ்வொரு குறும்புக்குப் பிறகும் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரிக்கும் சிரிப்பு. அதை நான் யாரையும் பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை. சிரித்தேன். அக்கா முத்திரையை மையில் அழுத்தினார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வரிசையின் கடைசியிலிருந்து ஒரு வெளியூர்க்காரர் வந்தார். "மேடம், அது என்னோடது. எட்டு வருஷமா தேடுறேன்." தான் சிரிக்கும் பழைய போட்டோ ஒன்றைப் பர்ஸிலிருந்து எடுத்து நீட்டினார். அக்கா அதை விரலால் தடவிப் பார்த்தார். பொருந்தியது.

"கொடுத்துடு தம்பி."

கொடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போனார். அவருக்கு நன்றாகத்தான் இருந்தது.

அக்கா முத்திரையைத் துடைத்து வைத்தார். "குரல் இல்லாதவங்களுக்கு ஆபீஸே ஏதாவது பார்த்துக் கொடுக்கும். மத்தியானம் பன்னெண்டு மணிக்கு ஊதுற நகராட்சிச் சங்கு ரிட்டையர் ஆகி நாலு மாசம் ஆச்சு. அந்தக் குரல் சும்மாதான் கிடக்கு. மொட்டைமாடியில தங்கிக்கலாம்."

"காத்தோட்டமா இருக்குமா?" என்று அம்மா கேட்டாள்.

"நல்லா இருக்கும்மா."

மேலே ஏறினேன். அம்மாவும் அப்பாவும் பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தெருமுனை திரும்புவதற்குள் ஒரே ஒரு தடவை கூப்பிட்டுவிட வேண்டும் என்று இருந்தது. இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து, "அம்மா" என்று கூப்பிட்டேன்.

கடைகள் ஷட்டரை இறக்கின. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாப்பாட்டுத் தட்டோடு வெளியே ஓடிவந்தார்கள். அம்மா நடுத்தெருவில் நின்று, கைக்கடிகாரத்தைப் பன்னிரண்டுக்குத் திருப்பி வைத்துக்கொண்டாள்.